ஒற்றைக் கொம்பு

தட்டுகிறாள். ஒரு சாண் நீளச் சுத்தியல், தலை மட்டும் பித்தளை. சுவரில் மெதுவாக ஒரு தட்டு, கொஞ்சம் அழுத்தி இன்னொரு தட்டு, பிறகு காதைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் நிற்கிறாள், திருப்பூரில் எங்கள் மெஸ்ஸுக்குச் சாமான் வாங்கப் போகும் இடத்தில் நான் தேங்காயைச் சுண்டிவிட்டு நிற்பதைப் போல. நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். எனக்கு என்ன கேட்டுவிடப் போகிறது, ஆனாலும் பிடித்துக்கொள்கிறேன். சுவர் அவளிடம் ஏதோ சொல்கிறது. சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அந்த இடத்திலேயே எழுதுகிறாள்: கெட்டி. எனக்குப் புரிகிற மாதிரி தமிழில் எழுதும்மா, என் கண் முன்னாலேயே எழுதும்மா என்று காலையில் வந்ததும் கேட்டுக்கொண்டேன். சிரித்தாள். "எழுதிட்டாப் போச்சு அக்கா. சாக்பீஸ்தானே, ஈரத்துணி வச்சுத் தொடச்சாப் போயிரும்." ஹெப்சிபா என்று பெயர், பாளையங்கோட்டைப் பெண். பழைய வீடுகளை வாங்கப் போகிறவர்களுக்கு அந்த வீட்டை முன்கூட்டியே சோதித்துச் சொல்கிற இஞ்சினீயர். எனக்கு ஒரு மகள் பிறந்திருந்தால் இவள் வயசுதான் இருக்கும். ஆனால் என் வயிற்றில் பிறந்தது இப்படிச் சுவரிடம் பேசியிருக்குமா, அடுப்பிடம்தான் பேசியிருக்கும். தட்டுகிறாள். பட்டாசாலை என்கிற இந்தக் கூடத்தின் தெற்குச் சுவர் முடிந்து கிழக்குச் சுவர். கெட்டி. ஒவ்வொரு தட்டும் வீட்டுக்குள் போய், அறை அறையாகப் பார்த்துவிட்டு, திரும்பி என்னிடம் வருகிறது. ஆள் இல்லாத வீட்டில் சத்தத்துக்குத்தான் எவ்வளவு இடம். இத்தனை வருஷம் நான் இருந்த வீடுகளில் ஒரு கரண்டி விழுந்தால் அது விழுந்த இடத்திலேயே செத்துப் போகும், அடுத்த வீட்டுக்காரி வேறு சுவரை இடிப்பாள். இங்கே சத்தம்கூட நடமாடுகிறது.

வெளியே முற்றத்தில் இவர் மீரான் பாயோடு பேசிக்கொண்டிருப்பது கேட்கிறது. இவர் என்றால் என் வீட்டுக்காரர் சொரிமுத்து. மீரான் பாய் புரோக்கர். இந்த வீட்டின் வயசு நூற்றுப் பத்து என்று இன்றைக்குச் சொன்னார், போன தடவை நூற்றைம்பது என்றார், பேரம் படிய வேண்டுமென்றால் குறைத்துக்கூடச் சொல்வார். "அண்ணாச்சி, வீடு வாங்குதவங்க வாஸ்து பாப்பாவ, கிணத்துத் தண்ணியக் குடிச்சுப் பாப்பாவ. சுவத்த டொக்கு டொக்குன்னு தட்டிப் பாத்து நான் பாத்ததில்ல. பொண்ணு பாக்கப் போன எடத்துல வாயத் தொறக்கச் சொல்லிப் பல்லப் பிடிச்சுப் பாக்க மாதிரில்லா இருக்கு." "மாடு வாங்கப் போனாப் பிடிச்சுப் பாப்போம்லா பாய்?" "வீடு மாடா அண்ணாச்சி?" "மாடுன்னாலே செல்வம்னுதான அர்த்தம். படிச்ச பயலுவ சொல்லுதான்." சிரிக்கிறார்கள். இவருக்குச் சிரிக்க முடிகிறது, ஏனென்றால் இவருக்கு இந்த வீடு வேண்டாம். திருப்பூரிலேயே புதுசாக ஒரு பிளாட், லிப்ட், தண்ணீர் டேங்க், கீழே வாட்ச்மேன், அதுதான் இவர் கனவு. "பாம்புக்குச் சோறு போடவா இத்தன வருசம் சட்டி தூக்குனோம்?" என்று, நான் இந்த வீட்டைச் சொன்ன அன்றைக்குக் கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் எதையும் கேட்டு அடம்பிடித்தவள் இல்லை என்று இவருக்குத் தெரியும், அதனால்தான் பயந்திருப்பார். "சரி. அந்தப் பிள்ள பாத்துட்டு, மச்சில இருக்க உத்திரம் நல்லாருக்குன்னு சொன்னா வாங்குவோம். சரியில்லன்னு சொல்லிட்டான்னு வையி, அப்புறம் இந்த வீட்டுப் பேச்ச நீ எடுக்கவே கூடாது." எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நான் எடுக்காவிட்டால் வேறொருவர் எடுத்துக்கொள்வார். பழைய வீடுகளைப் பிரித்துக் கதவும் தூணும் உத்திரமுமாக விற்கிற மரக்காரர் ஒருவர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். தூண்களிலெல்லாம் நீலப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறார். இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் பம்பாயில் இருக்கிறார், இந்த மாசத்துக்குள் யாராவது முடித்தால் போதும் என்கிறார். முடிப்பது என்றால் என்ன, எனக்கு முடிப்பது வேறு, மரக்காரருக்கு முடிப்பது வேறு.

இந்த வீட்டை முதலில் பார்த்த நாள். குலதெய்வம் கோயிலுக்கு வந்துவிட்டு, அம்பாசமுத்திரம் பஸ் வர நேரமிருந்ததால் தண்ணீர் கேட்டுத் தெருவுக்குள் நடந்தேன். கதவு திறந்து கிடந்தது, மீரான் பாய் வேறு யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். வெயிலிலிருந்து உள்ளே ஒரு கால் வைத்தேன். அந்த ஒரு கால்தான். வெளியில் இருந்த கால் எரிந்துகொண்டிருந்தது, உள்ளே இருந்த கால் ஆற்றுக்குள் வைத்த மாதிரி இருந்தது. ஒரே ஆளின் இரண்டு கால். அப்படியே நின்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். திருப்பூரில் எங்களுக்குத் தலைக்கு மேல் தகரம், சித்திரையில் அந்தத் தகரத்தின் மேல் அப்பளம் பொரிக்கலாம், மதியச் சாப்பாடு முடிந்து பெஞ்சில் சாய்ந்தால் முதுகு பெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே மின்விசிறி கூடக் கிடையாது, குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், சுவரிலிருந்து வந்தது. கையை வைத்தேன். வழுவழுவென்று, அவித்து உரித்த முட்டை மாதிரி. கையை எடுக்க மனசில்லை. ஜன்னல் கட்டையில் கையை நீட்டினால் முழங்கை வரை சுவருக்குள்ளேயே இருக்கிறது, அவ்வளவு தடிமன். இதைக் கட்டினவர்கள் எதற்குப் பயந்து இவ்வளவு தடிமனாகக் கட்டினார்கள், வெயிலுக்கா, திருடனுக்கா, அல்லது பயமே இல்லாததனால்தான் இப்படிக் கட்ட முடிந்ததா. பயந்தவர்கள் தகரம்தான் போடுவார்கள், நாளைக்கே கழற்றிக்கொண்டு ஓட வசதியாக. நான் பயந்தவள். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம், கேஸ் அடுப்பைத் திரும்பிப் போய்த் திரும்பிப் போய்ப் பார்ப்பேன், உலை கொதிக்கும்போதே அரிசி வேகாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று யோசிப்பேன். அப்படிப்பட்டவள் ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு நின்றபோது பயப்பட மறந்து போயிருந்தேன். பஸ் போய்விட்டது.

"அக்கா, இங்க வாங்க." அடுக்களையில் கூப்பிடுகிறாள். தட்டுகிற சத்தம் இங்கே வேறு மாதிரி, பொக்கு பொக்கென்று, கெட்டுப் போன தேங்காய். இரண்டு ஊசி வைத்த சின்ன மிஷினைச் சுவரில் அழுத்துகிறாள், அதில் எண் ஓடி ஓடி நிற்கிறது. ஈரம் என்று எழுதுகிறாள். அதற்குப் பக்கத்தில் பொக்கு என்று எழுதுகிறாள். பார்த்துக்கொண்டே நிற்கிறேன். "பயப்படாதீங்க, பூச்சு மட்டும்தான் எழும்பியிருக்கு, சுவருக்கு ஒண்ணுமில்ல. யாரோ பிற்காலத்துல சிமெண்ட் வச்சுப் பூசியிருக்காங்க. அத உரிச்சு எடுத்துட்டுத் திரும்பச் சுண்ணாம்புலயே பூசணும். இந்தச் சுவரெல்லாம் மூச்சு விடணும் அக்கா. சிமெண்ட் பூசினா மூச்சு முட்டும், உள்ள இருக்க ஈரம் உள்ளயே நிக்கும்." சுவர் மூச்சு விடும். ஆளைப் பற்றிச் சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நிற்கிறேன். நூறு வருஷமாக இது மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, உள்ளே பிறந்தவர்கள் மூச்சை விட்டு, செத்தவர்கள் மூச்சை விட்டு, இது மட்டும் நிறுத்தவில்லை. போன மாசம் அவள் முதல் தடவை வந்தபோது மாடிப்படிச் சுவரில் இருந்த விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினாள், விரல் நீளம், மெல்லிசு. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், உடையாவிட்டால் விரிசல் பழைய விரிசல், பயமில்லை என்றாள். சுவர் நகருமா என்று கேட்டேன். எல்லாமே நகரும் அக்கா, எவ்வளவுன்னுதான் பாக்கணும் என்றாள். அந்த ஒரு மாசம் திருப்பூரில் சாம்பார் ஊற்றும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிதான். லாரி போனால், அடுத்த கம்பெனியில் தறி ஓடினால், என் கையிலிருந்து கரண்டி விழுந்தால்கூட, எங்கேயோ இருக்கிற அந்தக் கண்ணாடி உடைந்துவிடும் என்று இருந்தது. பனியன் கம்பெனிப் பையன் ஒருவன், "அக்கா, சாம்பாரு தட்டுக்கு ஊத்துறீங்களா, தரைக்கா?" என்று கேட்டான். இன்றைக்குக் காலையில் கண்ணை மூடிக்கொண்டுதான் மாடிப்படிப் பக்கம் வந்தேன். திறந்தேன். உடையவில்லை. கண்ணாடியின் ஒரு முனையிலிருந்து சுவருக்கு எட்டுக்கால் பூச்சி ஒன்று வலை கட்டியிருந்தது. அதுவும் சுவரை நம்பித்தான் கட்டியிருக்கிறது, யாரையும் கூப்பிட்டுக் கேட்காமல்.

கண்ணாடி தப்பித்தது. மிச்சம் உத்திரம். போன தடவை மச்சு பூட்டிக் கிடந்தது, சாவி பம்பாயில். இப்போது வந்துவிட்டது, மரக்காரருக்குத் திறந்து காட்டிவிட்டு மீரான் பாயின் சட்டைப் பையில் கனக்கிறது. கடைசியாக மேலே போகலாம் என்கிறாள் ஹெப்சிபா, கீழே எல்லாம் முடியட்டும். கீழே முடியாமலே இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். தட்டுகிறாள். கெட்டி. நான் எத்தனை தடவை படித்தாலும் அந்த எழுத்தைத் திரும்பப் படிக்கிறேன், முதல் எழுத்தை, முதல் எழுத்தின் முன்னால் நிற்கிற அந்த ஒற்றைக் கொம்பை. அது இருக்கிறதா, இருக்கிறது, சரி. எங்கள் அம்மாவுக்கு வயிற்றில் வலி வந்தபோது பெரியாஸ்பத்திரியில் என்னென்னவோ சோதித்தார்கள். முடிவைக் கேட்டு வர அப்பா தனியாகப் போனார். அப்பா மில்லில் தறிகளுக்கு நடுவே நின்று நின்று காது மந்தமானவர், வீட்டில் நாங்கள் எல்லோரும் சத்தம் போட்டுத்தான் பேசுவோம், மெதுவாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு அவர்கள் எதையோ மறைப்பதாகத் தோன்றும். அங்கே வராந்தாவில் கூட்டம். நர்ஸ் தூரத்திலிருந்தே சொல்லியிருக்கிறாள், "கட்டிதான்யா." அப்பா என்னம்மா என்று கேட்டிருக்கிறார். "கட்டிதான்." அப்பாவுக்கு அது கெட்டிதான் என்று கேட்டது. கெட்டியாகத்தான் இருக்கிறாள், ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை கேட்கக் கூச்சம். வரும் வழியில் பூந்தி வாங்கிக்கொண்டு வந்தார். வாசலிலேயே, மில்லில் பேசுகிற குரலில், "ஏட்டி, நீ கெட்டியாத்தான் இருக்கியாம்!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். அம்மா, "நான்தான் அன்னைக்கே சொன்னேம்லா" என்று சொல்லிவிட்டு நெல் மூட்டையைத் தூக்கப் போனாள். நாங்கள் பூந்தி தின்றோம். இனிப்பாக இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை, அது அவ்வளவு இனிப்பாக இருந்தது. அடுத்த அறுப்புக்குள் அம்மா போய்விட்டாள். அப்பாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே, சோறு தின்னும்போது, நடக்கும்போது, "கெட்டின்னுதான சொன்னா, கெட்டின்னுதான சொன்னா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடுப்பு என் கைக்கு வந்தது. பள்ளிக்கூடம் நின்றுவிட்டது.

அதற்குள் எஸ்தர் டீச்சர் எனக்குக் கொம்பு எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். சொல்லும்போது எழுத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிற சத்தம், எழுதும்போது மட்டும் முன்னால் வந்து நிற்கும், அது ஏன் என்று நான் கேட்டேன். டீச்சர் கோபப்படவில்லை. "மாடு தெரு முக்குல திரும்புதப்ப மொதல்ல என்ன தெரியும்? கொம்பு. அதுக்குப் பொறகுதான் மாடு வரும். அதனால கொம்ப மொதல்ல போடு." வகுப்பே சிரித்தது. எனக்கு அன்றிலிருந்து கெ, செ, பெ எல்லாம் தெருமுனையில் திரும்பி வருகிற மாடுகள். இந்த ஒரு கொம்பு இல்லாததனால் அம்மா செத்துப் போனாள். இல்லை, இந்த ஒரு கொம்பு தானாக வந்து ஒட்டிக்கொண்டதனால். எது என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை. ஒரு சுழி, அதற்கு மேலே ஒரு வளைவு, அவ்வளவுதான் அது, குழந்தைகூடப் போட்டுவிடும், அதற்கு இந்தப் பக்கம் சாவு, அந்தப் பக்கம் நெல் மூட்டை தூக்குகிற அம்மா. இதை யார் செய்து வைத்தார்கள். நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. யாராவது வாயால் ஒன்று சொன்னால் எனக்கு ஆகாது, டாக்டர் சொன்னாலும் எழுதித் தாருங்கள் என்பேன், கொடுக்கிற சீட்டு இங்கிலீஷில் இருக்கும், சரி என்று வாங்கி மடித்து வைப்பேன். இவர் கேலி பண்ணுவார். "ஒங்கிட்ட ஆசையா ரெண்டு வார்த்த பேசணும்னாலும் பத்திரம் எழுதித்தான் பேசணும் போலயே." பேசாமல் இருந்தால் போச்சு என்பேன். "கீழ முடிஞ்சிது அக்கா," என்கிறாள் ஹெப்சிபா. "மேல போவமா?"

மச்சுக்குப் போகும் படி மரப்படி, செங்குத்து, பிடித்துக்கொள்ளக் கயிறு. போன தடவை இவர் முதல் படியில் கால் வைத்தார், அது கிறீச்சென்றது, மரியாதையாக இறங்கிக்கொண்டார். "நீங்க பாத்துட்டு வாங்க, நான் கீழ நின்னு வீட்டத் தாங்கிக்கிடுதேன்" என்று இப்போதும் முற்றத்திலேயே நிற்கிறார். ஹெப்சிபா அலுமினிய ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுகிறாள், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால். பூட்டு திறக்கிறது. வௌவால் வாடை, பழைய நெல் வாடை, இருட்டு. டார்ச்சை அடித்ததும் இருட்டு விலகுகிறது, அதற்குள்ளிருந்து உத்திரம் வருகிறது. நான் இதுவரைக்கும் உத்திரம் என்றால் ஒரு கட்டை என்று நினைத்திருந்தேன். இது ஒரு மரம். முழு மரம். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் படுத்திருக்கிறது, நான் கட்டிப்பிடித்தால் என் கைகள் ஒன்றையொன்று தொடாது, மேலே தளத்தைத் தாங்கும் கட்டைகள் எல்லாம் அதன் முதுகில் வரிசையாக. இதை எப்படி ஏற்றினார்கள். எத்தனை பேர் தோள் கொடுத்திருப்பார்கள், யார் சத்தம் கொடுத்திருப்பார், தூக்கு, தூக்கு என்று, ஒருவன் கால் வழுக்கியிருந்தால். மலையில் எங்கேயோ நின்று மழை வாங்கிக்கொண்டிருந்தது, ஆற்றோடு மிதந்து வந்திருக்கும், பிறகு இங்கே ஏறிப் படுத்தது, அதற்குப் பிறகு இறங்கவில்லை. அதன் இடுப்பில் நீலப் பென்சில் பெருக்கல் குறி. மேற்குத் தலை சுவருக்குள் நுழைகிற இடத்தில் மழைநீர் வழிந்த கறை, சுவரில் கருப்பாக, ஒரு ஆள் உயரத்துக்கு. "அங்கதான் பாக்கணும் அக்கா. எப்பவும் சுவருக்குள்ள இருக்க தலதான் முதல்ல போகும், வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும். அது போயிருந்தா மேல இருக்க எல்லாம் போச்சு, நான் வாங்காதீங்கன்னுதான் சொல்லுவேன்." சொல்லிவிட்டு ஏணியைச் சாய்த்து, "பிடிச்சுக்கிடுங்க" என்று ஏறுகிறாள். இரண்டு கையும் வேண்டியிருப்பதால் டார்ச்சைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொள்கிறாள். இனிமேல் அவளால் பேச முடியாது. நான் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன்.

முதலில் நடுவில் தட்டுகிறாள். அந்தச் சத்தத்தை நான் என்னவென்று சொல்ல. காதில் கேட்பதற்கு முன்னால் ஏணி வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது, தரை வழியாகக் காலுக்கு வந்தது, கோயில் மணியை அடித்தபிறகு கையை அதன்மேல் வைத்தால் வருமே அது. உத்திரம் பாடுகிறது. நான் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். அப்பாவுக்கு இது கேட்டிருக்கும், காதே இல்லாதவனுக்கும் இது கேட்டிருக்கும். பிறகு அவள் மேற்கே நகர்கிறாள், ஏணியில் எட்டிச் சாய்ந்து, தட்டு, இன்னும் தள்ளி, தட்டு, கறையை நெருங்க நெருங்கச் சத்தம் சின்னதாகிறது. சுவர் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதனாலா, உள்ளே ஒன்றும் இல்லாததனாலா, எனக்குத் தெரியவில்லை, உள்ளங்கையைக் கேட்கிறேன், அதற்கும் தெரியவில்லை. பைக்குள் இருக்கிற துளைக்கருவியைச் சுட்டிக் காட்டிக் கையை நீட்டுகிறாள், கொடுக்கிறேன். குச்சி மாதிரி ஒல்லியான துளை, மரம் முனகுகிறது, அது முனகினால் எனக்கு வலிக்கிறது, வேண்டாம் விட்டுவிடு என்று சொல்ல வாய் வருகிறது. தூள் என் முகத்தில் விழுகிறது, நெற்றியில், உதட்டில். வாசனை. தேக்கு வாசனை, இன்றைக்குக் காலையில் இழைத்த மாதிரி. நூறு வருஷமாக உள்ளே இந்த வாசனையை வைத்துக்கொண்டு, யாருக்கும் காட்டாமல், இது இங்கே படுத்திருந்திருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது, தூள் விழுந்திருக்கும். இது வெளியே தெரிகிற மரத்தின் தூளா, சுவருக்குள் இருக்கிற தலையின் தூளா, மேலே இருட்டில் சரியாகத் தெரியவில்லை. மறுபடியும் துளைக்கிறாள், இன்னும் உள்ளே. நிறுத்துகிறாள். விரலில் தூளைத் தேய்த்துப் பார்க்கிறாள். டார்ச் வெளிச்சம் அசையாமல் இருக்கிறது, அவள் யோசிக்கிறாள். ஏன் யோசிக்க வேண்டும். நல்லது என்றால் யோசிக்க என்ன இருக்கிறது. சாக்பீஸை எடுக்கிறாள். உத்திரத்தின் தலைக்குப் பக்கத்தில், நீலக் குறிக்கு மேற்கே, கை போகிறது. ஒரு சுழி. ஒரு வளைவு. கொம்பு. வந்துவிட்டது என்று குதிக்கப் போகிறேன், அதற்குள் என் புத்தி, என் பாழாய்ப் போன புத்தி, சொல்கிறது: பொக்கு என்றாலும் முதலில் கொம்புதான். அடுக்களைச் சுவரில் பார்த்தாயே, கொம்பு, பிறகு ப, பிறகு கால். தெருமுனையில் கொம்பு தெரிகிறது, எந்த மாடு என்று இன்னும் தெரியவில்லை. சாக்பீஸ் ஒடிகிறது.

ஒடிந்த துண்டு என் காலடியில் விழுந்து உருண்டு பலகை இடுக்குக்குள் போய்விடுகிறது. மேலேயிருந்து ஒரு கை மட்டும் நீள்கிறது, விரல்களை அசைக்கிறது, பையில் இருக்கும், எடுத்துத் தாருங்கள். வாயில் டார்ச். ஒரு வார்த்தை கேட்டால் தலையை ஆட்டுவாள், ஆமாம் இல்லை என்று ஆட்டிவிடுவாள், எனக்கு அது வேண்டாம். ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பையைத் துழாவுகிறேன், டேப், கயிறு கட்டிய தூக்குக்குண்டு, கசங்கிய கைக்குட்டை, பாதி தின்ற முறுக்குப் பொட்டலம். கீழே இவர் குரல், படி வழியாக ஏறி வருகிறது, "தங்கம்! என்னட்டி சொல்லுதா அந்தப் பிள்ள?" சாக்பீஸ் கிடைக்கிறது. அதை மேலே கொடுக்கும்போது அவள் விரல் என் விரலில் படுகிறது, இரண்டிலும் தேக்குத் தூள். உத்திரத்தில் அந்தக் கொம்பு தனியாக நிற்கிறது, வெள்ளையாக, முன்னால் எதுவும் இல்லாமல் பின்னால் எதுவும் இல்லாமல், இவ்வளவு பெரிய மரத்தில் ஒரு எறும்பு மாதிரி. அதையே பார்க்கிறேன். மரக்காரர் வந்து இதைப் பிரித்தால் இந்தக் கொம்போடுதான் கொண்டுபோவார். சாக்பீஸ் இறங்குகிறது, ஒரு நேர்கோடு, மேலிருந்து கீழே. ப என்றாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும், கீழே போய்த் திரும்பி மறுபடி மேலே ஏறும். "ஏட்டி, காதுல விழலையா? என்ன சொல்லுதா?" கோடு கீழே போய் நிற்கிறது. திரும்பவில்லை. அவள் சாக்பீஸை மரத்திலிருந்து எடுக்கிறாள், உயர்த்துகிறாள், கோட்டின் தலைக்கு மேலே வைத்துக் குறுக்கே இழுக்கிறாள். பிறகு வயிறு, வளைந்து இந்தப் பக்கம், வளைந்து அந்தப் பக்கம். பிறகு ட், அவசரமாக. பிறகு டி, அதன் சுழியைப் பெரிதாக, மேலே வரைக்கும். டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைக் குனிந்து பார்க்கிறாள், ஏதோ சொல்கிறாள், கறை சுவரின் மேல்பூச்சில் மட்டும்தான், மேலே தளத்தில் ஓட்டை அடைக்க வேண்டும், வருகிற மழைக்கு முன்னால் செய்துவிடுங்கள் என்று. நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. "தங்கம்! கெட்டின்னு சொல்லுதாளா, கெட்டுப் போச்சுன்னு சொல்லுதாளா? வாயத் தொறந்து சொல்லு!" வாயைத் திறக்கிறேன். சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை, இந்தப் படி வழியாக இறங்கி, பட்டாசாலையைச் சுற்றி, முற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போகிற வழியில் என்ன உதிரும், என்ன ஒட்டும், யாருக்குத் தெரியும். படி வாசலுக்கு வந்து கீழே பார்த்துச் சொல்கிறேன், "நான் சொல்ல மாட்டேன். ஏறி வந்து படிங்க." "என்னது?" "படிங்கன்னேன். இங்க எழுதியிருக்கு. ஏறி வாங்க." மீரான் பாய் சிரிக்கிறார், "போங்க அண்ணாச்சி, பாம்பெல்லாம் வெளிய போயிருக்கும்." பிறகு முதல் படி கிறீச்சென்கிறது. இந்தத் தடவை கால் இறங்கவில்லை. இரண்டாவது படி. நான் உள்ளே ஓடி ஏணிக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன், இவர் கால் வைக்க வைக்க அந்தக் கனம் பலகை வழியாக என் பாதத்துக்கு வருகிறது, கண்ணுக்கு முன்னால் உத்திரம் அசையாமல் இருக்கிறது. வரட்டும். வந்ததும் முதலில் கொம்பைக் காட்டுவேன்.